இரண்டு இடதுகள்

ரோஹுக்யூலா துறைமுகத்தில்
சீட்டுக் கொடுக்கும் சன்னல் என்னுடையது.
காருக்கு ஒரு தரம் திறக்க வேண்டும்.
திறந்தால்
கடல் மொத்தமும் நெஞ்சில் வந்து உட்காரும்.

கைகளுக்குக் குளிர நேரமில்லை.
கம்பளிச் சட்டை போட்டால் அதன் கை
முத்திரை மையில் தோயும்,
சில்லறைத் தட்டைத் தள்ளிவிடும்.
ஆகவே கை இல்லாத ஒன்று,
உள்துணி வைத்த வெயிஸ்ட்கோட்.
கல்யாணத்துக்கு அல்ல, சாவுக்கும் அல்ல,
செவ்வாய்க்கிழமைக்கு.

ஹாப்சாலு கடையில் சாம்பல் நிறக் கம்பளித் துணி,
கடைசித் துண்டு, பாதி விலை.
உள்ளே வைக்க
எலுமிச்சம்பழம் அச்சடித்த பருத்தி.
"யார் பார்க்கப் போகிறார்கள்?"
என்றாள் கடைக்கார ஊர்வே.
"கழற்றும்போது நான்."

சமையல் மேசையில் விரித்துச்
சாக்குக்கட்டியால் கோடு போட்டேன்.
முதுகு ஒன்று. முன்பக்கம் இரண்டு.
வானொலியில் கடல் நிலவரம்:
வடமேற்குக் காற்று, வினாடிக்குப் பதினான்கு மீட்டர்.
கத்தரி நல்ல வாக்கில் போனது.
வெட்டி முடித்து
ஒன்றின் மேல் ஒன்றை வைத்த பிறகுதான் தெரிந்தது,
இரண்டும் இடது.

காகித அச்சைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன்.
இருபது வருடமாகப்
போக ஒன்று வர ஒன்று என்று
சீட்டுக் கிழிப்பவள்
ஒரு துணிக்குத் திரும்பும் வழி தரவில்லை.
மிச்சம் இருந்தது
மூக்குக் கண்ணாடி துடைக்கக் காணும்.
ஊர்வேயைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
"கடைசித் துண்டு என்றால் கடைசிதான்."

அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகவில்லை.
உருளைக்கிழங்கு உரித்தேன்,
தேவைக்கு மேல் உரித்தேன்.
பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து
ஒரு இடதைக் கவிழ்த்துப் போட்டேன்.
வலதாகிவிட்டது.

துணியின் புறமுதுகு அது.
கொஞ்சம் கருத்த சாம்பல்,
இழை கொஞ்சம் முரடு.
விளக்கை நெருங்கிப் பார்த்தேன், விலகிப் பார்த்தேன்,
அணைத்தும் பார்த்தேன்.

நெஞ்சுக்குக் கான்வாஸ்.
இடுப்பில் ஒரு பை, முத்திரைக் கட்டை நிற்கிற ஆழத்துக்கு.
நல்ல முகங்கள் இரண்டும் உள்ளே பார்க்க
கழுத்தும் கைக்குழியும் சுற்றித் தைத்து
வளைவுகளில் சின்னச் சின்ன வெட்டு விட்டேன்.
அடுத்தது புரட்டல்.
முன்பக்கங்களைச் சுருட்டித்
தோளின் குறுகலான சந்துக்குள் நுழைத்து
முதுகு வழியாக இழுக்க வேண்டும்.
மீன் குடல் எடுப்பதற்கு நேர் எதிர் வேலை.
ஒரு நிமிடம்
எல்லாம் கைமுட்டியளவு கந்தல்.
இழுத்தேன்.
மூச்சு விட்டது போல் விரிந்தது,
வெளியே சாம்பல், உள்ளே எலுமிச்சை.

பக்கத் தையலில் விட்டு வைத்த நாலு விரல் வாயைக்
கையால் தைத்து அடைத்தேன்.
காஜா ஐந்து.
கடைசிக் காஜா கோணல்.
அதைப் பிரிக்கவில்லை. மணி இரண்டாகிவிட்டது.

இப்போது மூன்று வாரமாகப் போடுகிறேன்.
சன்னலைத் திறந்தால்
காற்று வந்து, தட்டிப் பார்த்து,
அடுத்த காரைத் தேடிப் போகிறது.
ஹீயுமா போகிறவர்கள்
பாக்கிச் சில்லறையைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

ஐவோ மட்டும்,
கப்பலில் கயிறு கட்டுகிறவன்,
காப்பிக் கோப்பையோடு நின்று
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
"ஒரு பக்கம் மட்டும் மழையில் நின்றாயா?"
"ஆமாம்" என்றேன்.

வானத்தைப் பார்த்தான்.
ஒரு வாரமாகத் துளி இல்லை.
தலையை ஆட்டிக்கொண்டே
கயிறு அவிழ்க்கப் போனான்.