கருங்கல் ரோட்டு நாற்றுப் பண்ணை

ஆளுக்கு முப்பது ரூபாய், பிள்ளைகளுக்கு இலவசம்.
கேட்டில் நின்ற பையன்
கையில் ஒரு நட்சத்திரம் குத்திவிட்டான், நீல மையில்.
பாதிதான் பதிந்தது.

பகலில் இது நாற்றுப் பண்ணை.
ஆடியில் இங்கேதான் இரண்டு தென்னம்பிள்ளை வாங்கினேன்,
ஒன்று பட்டுப்போயிற்று.
இப்போது அதே வரிசையில்
குரோட்டன்ஸ் எல்லாம் ஊதா உடுத்து நிற்கின்றன.
தெற்றிச் செடியில் பூவைவிட பல்பு அதிகம்.
ரம்புட்டான் கன்றின் கழுத்தில்
விலைச்சீட்டை அவிழ்க்க மறந்திருக்கிறார்கள்:
முந்நூற்றைம்பது, சிவப்பில் தெரிகிறது,
அணைகிறது,
பச்சையில் மறுபடியும் முந்நூற்றைம்பது.
கிறிஸ்மஸுக்கும் குறைக்கவில்லை.

அயனி மூட்டில் பிளாஸ்டிக் கலைமான்,
முதுகுக் குழியில் மத்தியானம் பெய்த மழை.
"இது எந்த மாடுப்பா?"
றெனிஷா கேட்டாள்.
பஞ்சுப் பனியில் கொஞ்சம் பிய்த்து
கவுன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.
குவைத்தில் டியூட்டி முடிந்து வரும் அவள் அம்மாவுக்கு
ஒரு படம் எடுக்கலாமென்று
போனை நீட்டினேன்,

கரண்ட் போனது.

ஓவென்று ஒரு கூச்சல்.
ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஜெனரேட்டர்
இரண்டு தரம் இருமி நின்றது.
விளக்கு இருந்தவரை எங்கோ ஒளிந்திருந்த
வேப்பம்பிண்ணாக்கு நாற்றம்
இப்போது தைரியமாக வந்தது.
பிள்ளையைத் தேடி ஓரடி வைத்தேன்.
"காலப் பாத்து வையும், முன்னால வயர் கெடக்கு"
என்றது ஒரு குரல்.
ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது.

குரல் தெரியும்.
குழித்துறைக் கோர்ட் வராந்தாவில்
பதினொரு வருடமாக,
என்னைக் கண்டால் தொண்டையைச் செருமும் குரல்.
முக்கால் சென்ட்.
அதில் ஒரு முருங்கை நின்றது, போன காற்றில் அதுவும் விழுந்தது.
வக்கீல்கள் இருவரும் வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்தால் ஆள் தெரிந்துவிடும்.
இருட்டுக்குள் எங்கேயோ கிடந்து
றெனிஷா "அப்பா" என்றாள்.
தினமும் மதிலுக்கு மேலே ஏறிக் கத்துகிற தொண்டை,
அவருக்குத் தெரியாமலா?

பிடித்திருந்த கை ஒரு நொடி இறுகியது.
பிறகு தளர்ந்தது.
ஆனால் எடுக்கவில்லை, தாசையன்.
வயரைத் தாண்டும்வரை எடுக்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது
அவர் ரம்புட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
நான் கலைமானை.
நடுவில் அவர் மருமகள் விஜிலா,
சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல்
குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

"ஒட்டுக்கன்னு வாங்கணும்"
என்றார் அவர், செடியிடம்.
"வித்துக்கன்னு வச்சா ஆண்மரமாப் போவும். காய்க்காது."
"ம்" என்றேன், மானிடம்.

வாங்கினேன்.
பேரம் பேசவில்லை; மனசு அதில் நிற்கவில்லை.
எங்கே நடுவதென்று யோசிக்கையில்
வீட்டைச் சுற்றி எல்லா இடமும்
எல்லைக்குப் பக்கமாகவே தோன்றியது.
ஜனவரி ஒன்பதாம் தேதி வாய்தா. அதில் மாற்றமில்லை.

திரும்பும்போது ஒரே வழி,
ஒரே ஊர், கடைசி வளைவும் ஒன்றே.
முன்னால் அவருடைய ஸ்கூட்டர்,
தூறலில் நனைந்த ஒற்றைச் சிவப்பு விளக்கு.
முந்துவதற்கு இடமிருந்தது.
நான் முந்தவில்லை.
என் முதுகில் கன்னம் வைத்து
றெனிஷா உறங்கிவிட்டாள்.
முன்னால் கால்களுக்கிடையே வைத்திருந்த கன்று
ரோட்டில் வந்த ஒவ்வொரு குழிக்கும்
தலையை ஆட்டிக்கொண்டே வந்தது.