மிச்சம்

பணகுடிக்குக் கிழக்கே, உடைமரங்களுக்கு நடுவில்
மூடிப்போட்ட ராணுவக் கிட்டங்கி.
மூடியதில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவர
தணிக்கை ஆபீஸிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

கோப்பில், வருஷத்துக்கு நாலு கோடி.
அடிக்கோடு சிவப்பில், இரண்டு தடவை.

வாசலில் ஆறு பேர் காவல்.
எதற்கு என்றேன்.
"காலியாக் கெடக்குல்லா, எவனும் வந்துறக் கூடாது பாருங்க"
என்றார் ஞானதுரை. முன்னாள் சுபேதார்,
இப்போது காண்டிராக்டரின் ஆள்.

பட்டப்பகலில் நாற்பத்திரண்டு விளக்கும் எரிகின்றன.
சுவிட்ச் அறை பூட்டியிருக்கிறது.
சாவி சாமான்களோடு கொச்சிக்குப் போய்விட்டது.
கடிதம் போட்டிருக்கிறார்கள், மூன்று.
கொச்சியில் இடம் பற்றாமல்
ஷெட் வாடகைக்குப் பிடித்த கணக்கு
வேறு கோப்பு. என்னிடம் இல்லை.

டீக்கடையில் தேவபிச்சை.
தினம் முந்நூறு முட்டை உள்ளே கொடுத்தவர்.
கோழிக்கூண்டுக்கு வாங்கிய கடன் நிற்கிறது,
அதுவும் அரசு வங்கியில்.
முட்டை விற்கவா படை வைத்திருப்பது என்று
நான் நினைக்குமுன் அவரே சொன்னார்:
"முப்பது வருஷமா ஒரு வண்டி வெளிய போகல.
அந்தச் சம்பளமும் நம்ம துட்டுதானம்மா."
சொல்லிவிட்டு என் டீக்கும் காசு கொடுத்தார்.

ஆடிக் காற்று படிவத்தைப் பிடுங்கப் பார்த்தது.
முழங்காலால் அமுக்கிக்கொண்டு
'நிகர மிச்சம்' கட்டத்தில்
பென்சிலால் எழுதினேன்:
ஒன்றேகால் கோடி.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பேனாவால் எழுத
அந்தச் சாவி வரட்டும்.