மாவும் காலும்

பிப்ரவரி. தார்த்து நகரில் ஐந்து மணிக்கே இருட்டு.
ஹெல்யே ரூசாலு ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறாள்.
திரையில் உள்ள பெட்டி;
நாலு இலக்கம் கொள்ளும், அவ்வளவுதான்.
அதில் போடும் எண்ணுக்குக் கீழே இருப்பவை பேசலாம்.
மேலே இருப்பவை வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பதினெட்டு சிறுநீரகத் துணுக்குகள்.
ஒன்பது நோயுற்றவை, ஒன்பது இல்லை.
எது யாருடையது என்ற சீட்டுகளை
ஆயிரம் முறை கலைத்துப் போட்டுப் பார்த்துவிட்டது மென்பொருள்,
தற்செயல் எவ்வளவு அழகாகப் பொய் சொல்லும் என்று அறிய.

வீம்புக்கு 0.05 என்று தட்டினாள்.
தமிழில் அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: மா.
இருபதில் ஒரு பங்கு. பெரியது என்றும் பொருள்.
அவளுக்கு அது தெரியாது.
இருநூறு ஜீன் தொகுதிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.
மூன்று வருடம், பதினெட்டுப் பேரின் சதை,
ஒரு வெள்ளைத் திரை.

0.25. நம் கணக்கில் கால்.
முப்பத்தாறு வரிகள் மளமளவென்று வந்து விழுந்தன,
நாலில் ஒன்று பொய்யாகலாம் என்ற உடன்படிக்கையோடு.
ஒன்பது பொய்கள்.
எந்த ஒன்பது என்று கேட்காதே,
சொல்ல அந்தப் பெட்டிக்கு வாயில்லை.

அவள் தேடி வந்தது, திசு தழும்பாகும் கதை,
முப்பத்தேழாவதாய் வாசலுக்கு வெளியே: 0.257.

“0.26 போடேன்” என்றான் ஆர்வோ, கோட்டை மாட்டிக்கொண்டே.
கெட்டவன் இல்லை. பசி.

போன வாரம் இதே ஆர்வோதான்
ஹீயுமா தீவுக்கான பனிச்சாலையின் தடுப்பில்
காரை நிறுத்தியவன்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் வேண்டும்.
காவலர் துளையில் அளவுகோலை விட்டு எடுத்து
தலையை மட்டும் அசைத்தார். இருபத்தொன்று.
அவன் வாதாடவில்லை.
தீவில் சூப்போடு காத்திருந்த தங்கைக்கு
வரவில்லை என்று போன் செய்தான்.
கடல்மேல் கால் வைப்பவனுக்கு
ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு என்று தெரியும்.

இங்கே காலுக்கடியில் தண்ணீர் தெரியவில்லை.
தெரியாத இடத்தில், என்றைக்கோ,
யாரோ ஒரு நோயாளி நிற்பார்.

நோட்டைப் புரட்டினாள். நவம்பர்ப் பக்கம்,
தரவு வருமுன் தன் கையால் எழுதியது:
0.25. மாற்றக்கூடாது.
கடைசிச் சொல்லின் கீழ் இரண்டு கோடு.
அன்றைக்கு யார்மேல் அத்தனை சந்தேகம்?

ஒரே ஒருமுறை, பார்க்க மட்டும், 0.26 போட்டாள்.
வந்து நின்றது. சிவப்பாக, லட்சணமாக.
ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அழித்தாள்.

அறிக்கையில்: 0.257, தேறவில்லை.

கீழே ஆர்வோ காரின் கண்ணாடியைச்
சுரண்டிக்கொண்டிருக்கும் சத்தம்.