மறுகா

படிவத்தில் இரண்டே கூடுகள்:
ஏற்பு. மறுப்பு.
கொழும்பில் யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியது.
மட்டக்களப்பில் ஒருத்தியும்
மறுப்பென்று வாய் திறந்து சொல்வதில்லை.
"மறுகா போடுவம் மிஸ்" என்பாள்
வயிற்றைத் தடவிக்கொண்டு.

மறுகாவுக்குக் கூடு இல்லை.
ஆகையால் கோட்டின் மேலேயே எழுதினேன் அவர்களை,
பாதி இங்கே, பாதி அங்கே.

ஓகஸ்ட் வெயில். கிளினிக் வாசலில்
வெள்ளைப் பெயின்ற் வட்டங்கள்.
வட்டத்துக்கு ஒரு கதிரை,
கதிரைக்கு இரண்டு உயிர்.
கண்களை வைத்துத்தான் ஆளை மட்டுக்கட்ட வேண்டும்.
திரிபோஷாப் பக்கெற்றுக்கு நீளும் கைகள்
ஊசி மேசையடிக்கு வந்ததும்
மடிக்குள் போய்விடும்.

முதலில் எழுந்தவள் மார்லின் செல்லர்,
டச்பார், இருபத்தெட்டாம் கிழமை.
"கடல் வந்த அண்டைக்கு
சாமான எடுத்துப்போட்டு மறுகா ஓடுவம் எண்டு நிண்டவங்கள
நான் மறுகா காணல்ல மிஸ்."
சட்டைக் கையைச் சுருட்டினாள்.
கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

பொலிஸ் குவாட்டர்ஸ் நெத்மிக்குத் தமிழ் வராது,
எனக்குச் சிங்களம் அரைவாசி.
"பபாட்ட?" என்றாள், வயிற்றில் விரல் வைத்து.
ஒன்றும் ஆகாது என்பதற்கு
நான் சொல் தேடி முடிப்பதற்குள்
என் கண்ணைப் பார்த்தபடியே தோளைத் தந்துவிட்டாள்.

கூழாவடி டிலக்சினி
"புள்ள பொறக்கட்டும் மிஸ், மறுகா கட்டாயம்" என்றாள்.
மாமி சொல்லியிருந்தாள்.
புருஷனின் போனில் ஒரு வீடியோவும் சொல்லியிருந்தது.
சிரித்தால் முகக்கவசம் மூக்கிலிருந்து இறங்கும் அவளுக்கு.
கோட்டின் மேல் எழுதினேன்.

பதினொரு நாள்.

போதனா வைத்தியசாலையில் பிள்ளையை எடுத்தார்கள்.
ஆண். ஒன்று தசம் ஒன்பது கிலோ.
அட்டையில் அதற்கு இடம் இருந்தது, நிரப்பினேன்.
தாயின் அடுத்த கிளினிக் திகதி
முன்னமே என் கையெழுத்தில் கிடந்தது:
செப்டெம்பர் ஏழு.

றிஸ்லியா ஒன்றுமே சொல்லவில்லை.
மூன்று கிழமையாக வந்தாள், நிறை பார்த்தாள், போனாள்.
மறுகா என்றுகூட இல்லை.
நாலாம் கிழமை
சம்மதப் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தபோது
"இதே மாதிரித்தான் ஒரு கடதாசி" என்றாள்.
"வாப்பாட. போன மார்கழி.
ஒப்பம் வைக்காட்டியும் எரிப்பம் எண்டாங்க.
பெட்டிக்குக் காசும் கேட்டாங்க."

காரணம் எழுத உள்ள இடம் ஓர் அங்குலம்.
நான் அரசாங்க உத்தியோகத்தர்.
அந்தக் கடதாசிக்கும் என் மேசைக் கடதாசிக்கும்
தலையில் ஒரே சிங்கம்.
குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடினேன்,
அதில் ஏதோ வேலை இருப்பதுபோல.

"ஊசிய நம்பாம இல்ல.
கூழாவடிப் புள்ளைக்கு நடந்தது எனக்கும் தெரியும்.
எனக்கு ஏதும் ஆனா
மண்ணுலதான் வைக்கோணும்.
எழுதித் தாங்க."

இப்போது ஒட்டமாவடியில் அடக்க விடுகிறார்களே என்றேன்.

"இப்ப" என்றாள்.
"மறுகா?"

பேனா அரசாங்கத்தினுடையது.
பென்சில் என்னுடையது.
அந்த ஓர் அங்குலத்தில்
மண் என்று எழுதி அவளுக்குக் காட்டினேன்.
அது எந்தக் கந்தோரிலும் செல்லாது என்று
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
இரண்டு தரம் வாசித்தாள்.
பிறகு அபாயாக் கையை மெல்ல மேலே இழுத்தாள்.

அரை மணித்தியாலம் இருக்கச் சொல்லி
மாமர நிழல் விழுந்த வட்டத்தில் இருத்தினேன்.
இடையில் திடுக்கிட்டு விலாவைப் பிடித்தாள்.
பதிவேட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.
"ஒண்டுமில்ல மிஸ்,
இவன் கிறுகிப் படுக்கிறான்."

மாதக் கடைசியில்
மேற்பார்வைக்கு வந்த அம்மையார்
பென்சில் எழுத்தில் விரலை வைத்து
இது என்ன வருத்தம் என்று கேட்டார்.

"மறுகா அழிச்சிருவன் மிஸ்"
என்றேன்.