மஞ்சள் பக்கம்

புந்தா அரேனாஸ். செவ்வாய், இரவு ஏழரை.
முதியோர் வகுப்பின் ஜன்னலைக் காற்று
பெயர்த்தெடுக்கப் பார்க்கிறது.

ஓஸ்வால்தோ மான்சீயா உயிரியல் புத்தகத்தை
என் மேசையில் விரித்தார்.
இதயப் பாடம் முழுக்க மஞ்சள்.
தலைப்பு, படம், படத்தடியில் பொடியெழுத்து,
பக்க எண்கூட மஞ்சள்.
"எல்லாமே முக்கியமாத்தான் இருந்துச்சு."
ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் படகு இன்ஜின்.
நகக்கண்ணில் கிரீஸ்.

மூடுங்கள் என்றேன். மூடினார்.
என்ன மிஞ்சியது, சொல்லுங்கள்.

"வால்வு... நாலு."
அப்புறம் ஹீட்டர் மட்டும் பேசியது.
அவர் காது மடல் சிவந்தது.
அந்தச் சிவப்பை நான் அறிவேன்:
கரும்பலகை முன்னால் நிறுத்தப்பட்ட ஒரு பையன்
இன்னமும் அங்கே குடியிருக்கிறான், வாடகை தராமல்.

அதை எழுதுங்கள் என்று வெற்றுத்தாள் நீட்டினேன்.
புகைக்கப் போய்விட்டார்.

அதற்குள் யாஸ்னா குசானோவிச் சண்டைக்கு வந்தாள்.
நண்டு ஆலையில் இரவு ஷிஃப்ட்.
பெட்டிக்கொரு கேள்வி, முப்பது பெட்டிக்கு ஒருமுறை
பழைய கேள்வி, விடையைப் பார்க்காமல்;
நான் சொல்லிக் கொடுத்த வித்தை.
"மறந்து மறந்து எடுத்தாத்தான் ஒட்டும்னீங்க.
மூணு தடவை மறந்துட்டேன்."
நாலாம் தடவை?
"சங்கு ஊதிட்டாங்க."
முறைத்தாள். பிறகு சிரித்தாள், கொஞ்சம்.

எலியானா பார்ரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
வாரத்துக்கான அட்டவணை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன்.
'தூக்கம்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு
'மாமியாருக்கு இன்சுலின்' என்று எழுதி வந்தாள்.
எல்லாம் போக மிஞ்சியது இருபது நிமிஷம்,
அதுவும் பேருந்தில், நின்றபடி.
இருபது நிமிஷ அளவுக்குப் பின்னக் கணக்கை
நறுக்கிக் கொடுத்தேன்.
இரண்டு வாரம் வந்தாள்.
வருகைப் பதிவில் அவள் பெயரை
இப்போதும் கூப்பிடுகிறேன்;
யாரும் ஏனென்று கேட்பதில்லை.

ஓஸ்வால்தோ திரும்பினார், புகையும் குளிருமாக.
இன்ஜினை எப்படிப் படித்தீர்கள் என்றேன்.
"படிக்கலியே. பிரிச்சுப் போட்டேன்.
திரும்பப் பூட்டினப்ப ஒரு போல்ட்டு மிச்சம்.
அது எந்த ஓட்டைக்குன்னு
ராத்திரி பூரா..."

நிறுத்தினார்.
தாளை இழுத்தார். இதயம் வரையவில்லை,
படகின் அடித்தண்ணீர் இறைக்கும் பம்பு வரைந்தார்.
உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய்,
இங்கே வால்வு, இங்கே, இங்கே.
பென்சில் நின்றது.
"இப்படியே விட்டா ரத்தம் திரும்பி வந்துடுமே.
இன்னொண்ணு எங்க?"

நான் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்;
எனக்கு அதுதான் கஷ்டமான பாடம்.
அவரே புத்தகத்தைத் திறந்து
அந்த மஞ்சள் வெள்ளத்தில் விரலை விட்டு
ஒரே ஒரு சொல்லைத் தேடினார்.
வெகுநேரம் ஆயிற்று.

மஞ்சள் பேனாவை என் மேசையில் விட்டுப் போனார்.
அடுத்த செவ்வாய் வந்து கேட்டார்:
"குடுங்க. ஒரு கோடு போடணும்.
ஒண்ணே ஒண்ணு."