மூன்றாம் எச்சரிக்கை

ரேடியோவில் மூன்றாம் எச்சரிக்கை.
ரோஸ் ஹில் முழுக்கப் பலகை அடித்த ஜன்னல்கள்.
நாளைய சர்க்கரைப் பரிசோதனை ரத்து;
அந்தத் தித்திப்புத் தண்ணீரிலிருந்து
ஒரு வாரம் தப்பித்தேன்.

இருபத்தாறு வாரம்.
மோதிரம் விரலை விட்டுச்
சோப்புப் பெட்டிக்குப் போய்விட்டது.
படுத்தால் நெஞ்செரிச்சல்,
புரண்டால் கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கிறது.
எல்லாம் நர்ஸ் மர்லேன் சொன்னதுதான்.
விக்கலை மட்டும் சொல்லவில்லை:
தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம்,
மூடாத குழாய்போலச் சொட்டுச் சொட்டாய்
என்னுடையதல்லாத விக்கல்.

குகென் ஓட்டலிலேயே மாட்டிக்கொண்டான்.
போனை வயிற்றில் வை என்கிறான்.
க்ரியோலில் கொஞ்சம், தமிழில் இரண்டு சொல்,
அப்புறம் என்ன பேசுவதென்று தெரியாமல்
காலைச் சாப்பாட்டு மெனுவை வாசிக்கிறான்.
ரொட்டி, ஆம்லெட், அன்னாசி...
பப்பாளி என்றதும் ஓர் உதை.
சிரித்ததில் நெஞ்செரிச்சல் தொண்டைவரை வந்தது.

லைன் அறுந்தது. கரண்டும் போயிற்று.

இந்த வாரம் கண் திறக்குமாம்.
திறந்தால் தெரிவதற்கு
இருட்டுதான் இருக்கிறது,
உன் பக்கமும், என் பக்கமும்.
டார்ச்சை வயிற்றில் ஒட்டிவைத்து
ஒருமுறை அமுக்குகிறேன்.
நகர்கிறாய்.

அணைத்துவிடுகிறேன்.
பேட்டரி விடியும்வரை வேண்டும்;
காற்று இன்னும் திசை மாறவில்லை.