நாற்பத்தேழும் பதினைந்தும்

ரத்தம் குலுங்கக் கூடாது.
ஐஸ் பெட்டிக்குள் எட்டுக் குழாய்.
மெட்ரோவுக்காகத் தோண்டி
அவசரமாய் மூடிய ஓட்டேரி ரோடு.
விடியற்காலை ஐந்தே முக்கால்.

ஒரே மாதத்தில் இரண்டு தடவை லேபிலிருந்து போன்:
"செல் உடைஞ்சிருக்கு. மறுபடி எடுத்துட்டு வா."
மறுபடி குத்த வேண்டிய கை
பெரம்பூர் மிஸஸ் ரொசாரியோவுடையது.
எண்பத்தொரு வயசு.
நரம்பு, துவைத்துத் துவைத்து நைந்த நூல்.
அதுவும் தொட்டால் நகர்ந்துகொள்ளும்.

அதனால்தான் டயர் மாற்ற நினைத்தேன்.
அகலமாய், காற்று நிறைய,
பள்ளத்தைத் தானே விழுங்கிக்கொள்கிற டயர்.

ரத்தன் பஜார் முர்துஜா
"இருபத்தெட்டுதானே" என்று எடுத்துப் போட்டான்.
இருபத்தெட்டுதான்.
ஆனால் பால்காரர் வண்டிக்கு ஓர் இருபத்தெட்டு
என் வண்டிக்கு ஓர் இருபத்தெட்டு.
நடுவே பதிமூன்று மில்லிமீட்டர்.
ரிம்மில் ஏற்றியதும்
இரவல் வளையல் மாதிரி
கழன்று கழன்று நின்றது.
"ஒரே நம்பரை ரெண்டுக்கும் வச்சவனைக் கேக்கணும்"
என்றான் முர்துஜா,
யாரையும் கேட்காமல் அடுத்ததை இறக்கினான்.

அது கச்சிதமாய் உட்கார்ந்தது.
விலாவில் அச்சு: 47-622.
பூரி போல உப்பி வந்தது.
இரண்டு நாள் பள்ளமே தெரியவில்லை,
சந்தோஷத்தில் வழி நெடுக மணியடித்துப் போனேன்.

மூன்றாம் நாள் பாரக்ஸ் ரோட்டில்
இடப்பக்கம் ஒடித்தேன்.
நான் திரும்பினேன். ரிம் திரும்பியது.
டயர் யோசித்தது.
அது யோசித்து முடிப்பதற்குள்
29சி பஸ்ஸின் தகரம்
என் முழங்கை மயிரைத் தடவிக்கொண்டு போனது.

காலூன்றி நின்று
முதலில் பெட்டியைத்தான் திறந்து பார்த்தேன்.
எட்டும் நின்றுகொண்டிருந்தன.
பிறகுதான் என் கை நடுங்கியது.

அன்று ராத்திரி சக்கரத்தைக் கழற்றி
மடியில் போட்டுக்கொண்டு படித்தேன்.
ரிம்மின் உள்ளே பாதி கிழிந்த ஸ்டிக்கர்: 15.
பதினைந்து மில்லிமீட்டர் இடுப்பில்
நாற்பத்தேழு மில்லிமீட்டர் வயிறு.
ஆடாமல் என்ன செய்யும்.

சிரிப்பு வந்தது.
இது எனக்குத் தெரிந்த கணக்கு.
ஊசிக்கும் எண் உண்டு;
எண் ஏற ஏற ஊசி மெலியும்.
பச்சை இருபத்தொன்று தடிமன்,
ரொசாரியோ நரம்பு தாங்காது.
ஐயோ பாவம் என்று
கிடைத்ததிலேயே மெலிசானதை எடுத்தால்
அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்து
செல்லெல்லாம் உடையும்.
இரக்கத்துக்கும் அளவு இருக்கிறதென்று
பயிற்சியில் ஒருவரும் சொல்லவில்லை.
டப்பா மேல் எண் மட்டும் போட்டிருந்தது.

முப்பத்திரண்டு வாங்கினேன்.
நாற்பத்தேழை முர்துஜா திரும்ப எடுக்கவில்லை,
"மண்ணு பட்டுடுச்சு மேடம்."
கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது,
இருநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு வட்டம்.

காற்றடித்துக் கட்டைவிரலால் அழுத்தினேன்,
முழங்கை மடிப்பில் நரம்பு தேடுவதுபோல.
கொஞ்சம் இடம் கொடுத்தது.
கொஞ்சம் திருப்பித் தள்ளியது.

செவ்வாய். ஐந்தே முக்கால்.
பள்ளம் பள்ளமாகவே இருந்தது.
ஒவ்வொன்றும் மணிக்கட்டுக்கு வந்து
பெயர் சொல்லிவிட்டுப் போனது.
திருப்பத்தில் நான் நினைத்த இடத்தில்
சக்கரம் இருந்தது.
பெட்டிக்கு அடியில்
பழைய டியூபை நாலாய் மடித்து வைத்திருந்தேன்
(இதை முதலிலேயே செய்திருக்கலாம்).

மிஸஸ் ரொசாரியோ கையை நீட்டினார்,
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
எடுத்து முடித்ததும்,
"ஊசி மாத்திட்டியா? வலிக்கவேயில்ல."

அதே இருபத்துமூன்று. அதே நீலச் சிறகு.

"டயர் மாத்தினேன்" என்றேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ஓ" என்றார்.